அப்பா கேட்ட கேள்வியும் ரெண்டு பாட்டில் வரலாறும்

ஊரிலிருந்து அப்பா வந்து ஒரு மாசம் ஆகுது. நியூ ஜெர்சி குளிரில் வெளியே போக முடியாது, பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது, டிவியில் வருவதெல்லாம் புரியாது. அதனால் அவருக்கு இப்போ இருக்கிற ஒரே பொழுதுபோக்கு, சமையலறை அலமாரியில் இருக்கிற டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது இன்னாடா?" என்று கேட்பதுதான்.

அப்பாவைப் பற்றி ஒரு வரி சொல்லிடறேன். திண்டிவனம் பக்கம் நாற்பது வருஷம் மல்லாட்டை போட்டவர். (மத்த ஊர்க்காரங்களுக்கு: மல்லாட்டைன்னா வேர்க்கடலை. மணிலாக்கொட்டை தேய்ஞ்சு மல்லாக்கொட்டையாகி, அதுவும் தேய்ஞ்சு மல்லாட்டை ஆயிடுச்சு.) பதினைந்து வருஷமா சுகர். வாயைக் கட்டத் தெரிந்தவர்தான், ஆனால் காரணம் சொன்னால்தான் கட்டுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் பொண்ணு சப்பாத்தியில் நூட்டெல்லாவை இழைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என்னுடைய பீனட் பட்டர் பாட்டில். அப்பா ரெண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ரெண்டும் கொட்டைய அரைச்சதுதானே? இதுல எனக்கு எதுடா ஆவும்?"

"மல்லாட்டைதாம்பா. இன்னொண்ணு மிட்டாய் மாதிரி."

"எத்த வச்சிடா சொல்ற? அதுலயும் கொட்டை படம் போட்டுக்குது, பால் படம் போட்டுக்குது. இதுல பாரு, எண்ணெ மேல மெதக்குது."

எனக்குப் பதில் வரலைங்க. 'எல்லாரும் சொல்றாங்க' என்பதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவன், மூணு நாள் அதிலேயே கிடந்தேன். சத்துக்கணக்குப் பார்க்கப் போனவன் நெப்போலியன், அமெரிக்க நீதிமன்றம்னு எங்கெங்கேயோ சுத்திட்டு வந்தேன். அதான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. அமெரிக்க பாட்டில்களில் ரெண்டுக்கும் இரண்டு மேஜைக்கரண்டிதான் ஒரு வேளை அளவு. நூட்டெல்லாவில் அது 37 கிராம், சுமார் 200 கலோரி. சாதாரண பீனட் பட்டரில் 32 அல்லது 33 கிராம், சுமார் 190 கலோரி. அட, கிட்டத்தட்ட ஒண்ணுதானே! கொழுப்பைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். பீனட் பட்டரில் 16 கிராம், நூட்டெல்லாவில் 11, 12 கிராம்தான். கெட்ட பேர் வாங்கிய நிறைவுற்ற கொழுப்பு ரெண்டிலும் 3, 4 கிராம் என்ற அளவில்தான் இருக்கு. "எண்ணெ மெதக்குது" என்று அப்பா சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. உடம்பு இளைக்கணும்னு ஒருத்தர் பீனட் பட்டரை கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டால் இளைக்க மாட்டார்.

வித்தியாசம் வேற இடத்தில் இருக்கு. சர்க்கரை: நூட்டெல்லாவில் 21 கிராம், பீனட் பட்டரில் சர்க்கரை சேர்த்த வகையிலேயே 3 கிராம்தான். புரதம்: நூட்டெல்லாவில் 2 கிராம், பீனட் பட்டரில் 7 கிராம். 21 கிராம்னா அஞ்சு டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்ன அறிவுரைப்படி, வெளியிலிருந்து சேரும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் ரொம்ப நல்லது. பாலில் இயற்கையாக இருக்கிற கொஞ்சத்தைக் கழித்தாலும், சப்பாத்தியோட ஒரு நாள் கோட்டாவின் பெரும்பகுதி முடிஞ்சிடுது.

நூட்டெல்லா பாட்டிலின் பின்பக்கம் முதலில் எழுதியிருப்பது சர்க்கரை. ரெண்டாவது பாமாயில். அதுக்கப்புறம்தான் ஹேசல்நட், அது 13 சதவீதம். பீனட் பட்டரில் முதலில் எழுதியிருப்பது வேர்க்கடலை, குறைந்தது 90 சதவீதம். எது அதிகமோ அதை முதலில் எழுதணும் என்பது சட்டம்.

சரி, அப்பாவுக்கான பதில் கிடைச்சாச்சு, படுத்துத் தூங்கியிருக்கலாம். ஆனா அந்த 90 என்ற எண் என்னை விடலை. ஏன் 90? யார் வச்சது? ஏன் இந்த பாட்டிலுக்கு ஒரு கணக்கு, அந்த பாட்டிலுக்கு இல்லை?

கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். :-)

வேர்க்கடலையின் சொந்த ஊர் தென்னமெரிக்கா. அங்கே பழங்குடி மக்கள் ரொம்பக் காலமாகவே அதை அரைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். நவீன காலத்தில், கனடாவின் மான்ட்ரியாலைச் சேர்ந்த மார்செல்லஸ் எட்சன் என்பவர் 1884ல் கடலை விழுதுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். 1895ல் ஜான் ஹார்வி கெல்லாக் தன் பங்குக்கு ஒரு செய்முறைக்கு விண்ணப்பித்தார். ஆமாம், கார்ன்ஃப்ளேக்ஸ் கெல்லாக்தான். மிச்சிகனில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் ஒரு பெரிய ஆரோக்கிய விடுதி நடத்திவந்த டாக்டர் அவர். கறி சாப்பிடக் கூடாது என்பதில் பிடிவாதக்காரர். கறிக்குப் பதிலாக, மென்று தின்ன முடியாத நோயாளிகளுக்கும் இறங்குகிற மாதிரி ஒரு புரத உணவு வேணும் என்று தேடியவருக்கு கடலை விழுது தோதாக இருந்தது. (பீனட் பட்டரைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அவர் வேர்க்கடலைக்குச் செய்தது நிறைய, ஆனால் இது அவர் கண்டுபிடிப்பு இல்லை. அவருடைய புகழ்பெற்ற 105 கடலைப் பக்குவங்கள் கையேடு வந்ததே 1916ல்தான்.)

ஆக, பீனட் பட்டர் பிறந்தது ஆஸ்பத்திரி மாதிரி ஒரு இடத்தில், மருந்து மாதிரி. 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் விற்பனைக்கு வந்து நாடு முழுக்கப் பரவியது. ஆனால் ஒரு தொல்லை இருந்தது, அப்பா கண்டுபிடிச்ச அதே தொல்லை. எண்ணெய் மேலே மிதக்கும், விழுது அடியில் இறுகிவிடும், மேலே நின்ற எண்ணெய் சீக்கிரம் காறல் அடிக்கும். கடைக்காரர் பீப்பாயில் துடுப்பு போட்டுக் கலக்கிக்கொண்டே இருக்கணும்.

இதற்கு விடை கண்டுபிடித்தவர் கலிஃபோர்னியாக்காரர் ஜோசப் ரோஸ்ஃபீல்ட். 1922 வாக்கில், எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கொஞ்சம் கெட்டியாக்கிச் சேர்த்தால் பிரியாது என்று காட்டினார். நம்ம ஊர் வனஸ்பதி தத்துவம்தான். 1930களில் ஸ்கிப்பி என்ற பெயரில் அவரே கடை விரித்தார். இனிமேல் பாட்டில் மாசக்கணக்கில் அலமாரியில் நிற்கும், ஊர் விட்டு ஊர் போகும்.

இங்கேதான் சறுக்கல் ஆரம்பம். கடலை எண்ணெயைவிட ஹைட்ரஜன் ஏற்றிய வேறு எண்ணெய் மலிவு. கொஞ்சம் சேர்த்தால் கெட்டிப்படும், நிறையச் சேர்த்தால் லாபம். 1950களின் கடைசியில் நாலில் ஒரு பங்கு வரைக்கும் எண்ணெய் சேர்த்துவிட்டு 'பீனட் பட்டர்' என்றே விற்க ஆரம்பித்தார்கள். 1959ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பீனட் பட்டர் என்று பெயர் போடணும்னா 95 சதவீதம் கடலை இருக்கணும் என்று ஒரு விதியை முன்வைத்தது. கம்பெனிகள் கொதித்தன. பேரம் பேசிப் பேசி, கடைசியில் அரசாங்கம் 90 என்றது, கம்பெனிகள் 87 என்றன.

நம்புங்க, வெறும் மூணு சதவீதம். அதுக்குப் பன்னிரண்டு வருஷச் சண்டை!

1965 நவம்பரில் ஆரம்பித்த விசாரணை 1966 மார்ச் வரை போனது. சாட்சியங்கள் எட்டாயிரம் பக்கத்தைத் தொட்டன. கம்பெனிகள் பக்கம் வக்கீல் பட்டாளம். எதிர்ப்பக்கம், இல்லத்தரசிகளின் கூட்டமைப்பு என்ற சின்னச் சங்கத்தின் சார்பில் ரூத் டெஸ்மண்ட் என்ற அம்மா நாள் தவறாமல் வந்து உட்கார்ந்தார். கணவருக்குப் புற்றுநோய் வந்த பிறகு சாப்பாட்டில் என்னதான் கலக்கிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தவர் அவர். பத்திரிகைகளில் அவருக்கு 'பீனட் பட்டர் பாட்டி' என்றே பெயர் விழுந்தது. 1970ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1971ல் விதி அமலுக்கு வந்தது. கடலை 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கொழுப்பு 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. செயற்கை மணம், நிறம், பதப்படுத்தும் ரசாயனம் எதுவும் கூடாது. மீறினால் விற்கலாம், ஆனால் 'பீனட் பட்டர்' என்ற பெயர் போட முடியாது.

நான் தினம் காலையில் ரொட்டியில் தடவுகிற பாட்டிலுக்குப் பின்னால் இத்தனை பேர் மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

இப்போ அந்தப் பக்கத்து பாட்டில். அதோட ஊர் இத்தாலியின் வடமேற்கு மூலை, பியட்மான்ட். 1806ல் நெப்போலியன் பிரிட்டிஷ் வணிகத்தைத் தடை செய்ததும் ஐரோப்பாவில் கொக்கோ விலை எங்கேயோ போனது. டூரின் நகரத்து மிட்டாய்க்காரர்கள் கொக்கோவை மிச்சம் பிடிக்க, பக்கத்து லாங்கே குன்றுகளில் காய்க்கும் ஹேசல்நட்டை அரைத்துச் சேர்த்தார்கள் என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள். அந்தக் கலவைக்கு ஜாண்டூயா என்று பெயர். திருவிழாவில் வேஷம் கட்டி வரும் ஒரு கோமாளிப் பாத்திரத்தின் பெயர் அது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மறுபடியும் அதே கொக்கோப் பஞ்சம். ஆல்பா என்ற ஊரில் மிட்டாய்க்கடை வைத்திருந்த பியட்ரோ ஃபெரெரோ, 1946ல் கொட்டையை அதிகமாகவும் கொக்கோவைக் குறைவாகவும் போட்டு ஒரு கட்டி செய்தார். கத்தியால் சீவி ரொட்டிக்கு நடுவில் வைத்துச் சாப்பிடணும். சாக்லேட் வாங்க வக்கில்லாத குடும்பத்துக் குழந்தைகளும் அதன் ருசி பார்க்கலாம். 1951ல் தடவுகிற பதத்துக்கு இளக்கி சூப்பர்கிரீமா ஆனது. பியட்ரோ அதற்கு முன்பே, 1949ல், காலமாகிவிட்டார். மகன் மிக்கேல் பக்குவத்தை மாற்றி, பெயரையும் மாற்றி, 1964 ஏப்ரல் 20 அன்று முதல் நூட்டெல்லா பாட்டிலை வெளியே விட்டார்.

இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு அந்தக் கம்பெனி மேல் கோபம் வரலை. அவர்கள் செய்தது மிட்டாய், மலிவு மிட்டாய், நல்ல மிட்டாய். ஏழைப் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்ததில் என்ன தப்பு? சிக்கல், மிட்டாய் எப்போ டிபன் ஆனதோ அப்போதான்.

1983ல் நூட்டெல்லா அமெரிக்காவுக்கு வந்தது. பின்னாளில் வந்த விளம்பரங்கள் அதைச் சமச்சீரான காலை உணவின் ஒரு பகுதி என்று காட்டின. 2011ல் கலிஃபோர்னியாவில் ஒரு தாய், இதை நம்பித்தானே என் குழந்தைக்குக் கொடுத்தேன் என்று வழக்குப் போட்டார். 2012ல் சமரசம். மொத்தம் 30 லட்சம் டாலருக்கு மேல். வாங்கியவர்களுக்கு பாட்டிலுக்கு 4 டாலர் வரை, அதிகபட்சம் அஞ்சு பாட்டிலுக்கு. "பின்னாடி எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?" என்று அந்த அம்மாவை அப்போ ஊரே கிண்டல் பண்ணியது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பேன். இப்போ சிரிக்க முடியலை. கொட்டைப் படத்தையும் பால் படத்தையும் பார்த்து எங்கப்பா கேட்டதும் அதேதானே?

இன்னொரு கூத்து. ஒரு வேளை அளவை இரண்டு கரண்டியிலிருந்து ஒரு கரண்டியாக்க வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. 2016ல் உணவு மருந்து நிர்வாகம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. யோசித்துப் பாருங்கள், உள்ளே இருப்பதில் ஒரு துளி மாறாது, ஆனால் லேபிளில் சர்க்கரை பாதியாகிவிடும்! இன்றைக்கும் அமெரிக்க பாட்டிலில் இரண்டு கரண்டி என்றுதான் இருக்கு.

இதெல்லாம் சொல்லிட்டு பீனட் பட்டருக்குக் கோயில் கட்டினால் அது நியாயமில்லை. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம், தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பிடித்த பூஞ்சை. அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். (இதை அப்பாகிட்ட சொன்னேன். "அதுக்குத்தான் ஈரத்தோட மூட்டை கட்டாதீங்கடான்னு கத்துவேன்" என்றார். காரணம் தெரியாமலே விஷயம் தெரிஞ்சிருக்கு மனுஷனுக்கு.) 2008, 2009ல் ஒரு அமெரிக்கத் தொழிற்சாலையின் கடலை விழுதில் சால்மோனெல்லா கிருமி இருந்து 700க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், 9 பேர் இறந்தார்கள். தெரிந்தே சரக்கு அனுப்பிய முதலாளிக்கு 2015ல் 28 வருஷச் சிறை. கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு ஒரு துளியே உயிருக்கு ஆபத்து. 90 சதவீதம் என்ற விதி கலப்படத்தைத்தான் தடுக்கும், எல்லாவற்றையும் தடுக்காது.

அதே மாதிரி நூட்டெல்லாவின் பாமாயிலுக்கும் ஒரு நியாயம் இருக்கு. அது இயல்பாகவே பாதிக் கெட்டி. ஹைட்ரஜன் ஏற்றத் தேவையில்லை, அதனால் ட்ரான்ஸ் கொழுப்புத் தொல்லை இல்லை. யோசித்தால், எண்ணெய் மிதக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே கேள்விக்கு ரெண்டு பாட்டிலும் ரெண்டு விடை. பாமாயிலுக்காகக் காடு அழிவது தனிப் பதிவுக்கான விஷயம்.

சுகர்காரர்கள் கவனத்துக்கு ஒன்று. அமெரிக்க நர்சுகள் 83 ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பல வருஷம் கவனித்த ஆய்வு 2002ல் வெளிவந்தது. வாரத்துக்கு அஞ்சு தடவையோ அதற்கு மேலோ பீனட் பட்டர் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, சாப்பிடாதவர்களைவிட சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. இது கவனித்துப் பார்த்த கணக்குதான், கடலைதான் காரணம் என்று நிரூபித்த கணக்கு இல்லை. அப்பாவுக்கு ஏற்கெனவே சுகர் வந்தாச்சு, அதனால் அவருக்கு இது நேரடியாகப் பொருந்தாது. டாக்டரைக் கேக்காம கரண்டியை எடுக்காதீங்க.

கடைசியா ஒரு கதை. இதுதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. பட்டினியால் உருக்குலைந்த குழந்தைகளுக்கு அப்போதெல்லாம் சத்துப் பால்பொடியைத் தண்ணீரில் கரைத்துத்தான் கொடுப்பார்கள். நல்ல தண்ணி இல்லாத ஊரில் அதுவே வயிற்றுப்போக்கைக் கொண்டு வரும், அதனால் முகாமிலேயே வாரக்கணக்கில் வைத்திருக்கணும். ஆந்த்ரே பிரியான் என்ற பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர் இதற்கு மாற்றுத் தேடி அலைந்தார். அவருக்கு யோசனை கொடுத்தது எது தெரியுமா? நூட்டெல்லா பாட்டில்! தண்ணீர் சேராத விழுது, கிருமி சுலபத்தில் வளராது, சமைக்க வேண்டாம், குழந்தை தானே நக்கிச் சாப்பிடும். ஹேசல்நட்டுக்குப் பதில் வேர்க்கடலை, கூடவே பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள். மிஷேல் லெஸ்கான் என்பவரோடு சேர்ந்து 1996ல் செய்த அதன் பெயர் ப்ளம்பி நட். 92 கிராம் பொட்டலம், 500 கலோரி. 2005ல் நைஜர் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இதைத் தின்று வீட்டிலிருந்தபடியே தேறினார்கள். 2007ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இந்த முறையை ஏற்றுக்கொண்டு அறிக்கை விட்டன.

பீனட் பட்டரும் நூட்டெல்லாவும் கல்யாணம் பண்ணிப் பெத்த பிள்ளை மாதிரி ஒரு பொட்டலம். சர்க்கரையும் எண்ணெயும் நிறையவே இருக்கு. எங்கப்பாவுக்கு அது ஆகாது. நைஜரில் ஒரு ரெண்டு வயசுக் குழந்தைக்கு அதுதான் உயிர். அப்புறம் 'எது ஆரோக்கியம்'னு பொத்தாம்பொதுவா எப்படிக் கேக்கறது? யாருக்கு, எவ்வளவு, எதுக்குப் பதிலாக என்பதையும் சேர்த்துத்தான் கேக்கணும்.

புதன்கிழமை ராத்திரி அப்பாகிட்ட இதெல்லாம் சொன்னேன். ரூத் டெஸ்மண்ட் கதையை ரெண்டு தடவை கேட்டார். "அந்தப் பாட்டி மட்டும் வல்லன்னா மல்லாட்டைன்னு சொல்லி டால்டாவ வித்துருப்பானுவ" என்றார். அப்புறம் எழுந்து போய் நூட்டெல்லா பாட்டிலைக் கொண்டு வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மொதல்ல எழுதிக்கிறது எது, காட்டு" என்றார். காட்டினேன். பேத்தியைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னார். அவள் தமிழில் மொழிபெயர்த்தாள்: "சர்க்கரை, தாத்தா."

இப்போதைய வீட்டு ஒப்பந்தம் இதுதான். நூட்டெல்லா ஞாயிற்றுக்கிழமை மட்டும், மிட்டாய்க் கணக்கில். மத்த நாளில் எண்ணெய் மிதக்கிற, உப்பு சர்க்கரை சேராத பீனட் பட்டர், ஒரு கரண்டி. அப்பா அதையும் தொடுவதில்லை. கடையிலிருந்து தோலோடு பச்சை மல்லாட்டை வாங்கிவரச் சொல்லி, வேகவைத்து, ஒரு கைப்பிடி எண்ணி எடுத்துக்கொள்கிறார். "அரைச்சுக் குடுத்தா எத்தன கொட்டைன்னு எப்படிடா தெரியும்?" என்கிறார். இதுக்கும் என்னிடம் பதில் இல்லை.

உங்க வீட்டில் எந்த பாட்டில்? பின்பக்கம் முதல்ல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துட்டுப் பின்னூட்டத்தில் சொல்லுங்க. ஹேசல்நட்டுக்கு நல்ல தமிழ்ப் பெயர் வச்சிருக்கிறவங்களும் சொல்லலாம், சண்டை போட நான் தயார். :-)